கொளஞ்சியம்மாள் போட்ட கோடு

நான் நர்சு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கொளஞ்சியம்மாள் ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார். என் பெயர் பிரிசில்லா. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்தை இயக்குகிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், வேலை போய்விடும். பதினாலு வருடமாகக் கடலூர் முதுநகரிலிருந்து காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புகிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி. வீட்டிலும் சொல்வார்கள், வேலை செய்யும் இடத்திலும் சொல்வார்கள். நானும் இல்லையென்று சொன்னதில்லை. கோபப்படாமல் அந்த வேலையை நீங்கள் ஒரு வாரம் செய்து காட்டுங்கள், பார்க்கலாம் என்பதுதான் என் பதில்.

கொளஞ்சியம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டியில் கோடு போடுகிற வேலை. லாரியிலிருந்து இறக்கிப் போடும் பழத்தை விரலை மடக்கித் தட்டுவார். சத்தத்தைக் கேட்டு, இடுப்பில் செருகியிருக்கும் மார்க்கர் பேனாவை எடுத்து அதன் முதுகில் கோடு இழுப்பார். ஒரு கோடு என்றால் இன்றைக்கே அறுத்துவிட வேண்டும். இரண்டு என்றால் நாளை மறுநாள் வரை தாங்கும். மூன்று கோடு வெளிமாநிலத்துக்குப் போகிற லாரிக்கு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட கோட்டை நம்பி ஏற்றிய ஒரு லோடுகூட அழுகித் திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்வார், நாலு பேர் காதில் விழும்படி சொல்வார்.

கணவர் உத்திராபதி இறந்து ஏழு வருடம். மகன் திருப்பூரில். இவர் கொழுந்தன் வீட்டோடு இருந்தார். மாதவிலக்கு நின்று நாலு வருடம் கழித்து மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “இந்த சீசன் வந்து முடியட்டும்னு இருந்தேன் நர்சம்மா” என்றார். சீசனாம் சீசன்! கர்ப்பப்பை வாயில் கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்த பிறகாவது ஓரகத்தி லோகநாயகி புடவையைத் துவைக்கும்போது கறையைப் பார்த்துக் கேட்டிருக்காவிட்டால், இந்த அம்மாள் அந்த சீசனோடு போய்ச் சேர்ந்திருப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு என்று டாக்டர் காயத்ரி எழுதினார். சனி, ஞாயிறு கிடையாது. முதல் நாளே படமெடுத்து, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, தொப்புளுக்குக் கீழே ஒன்று, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று இடத்தில் கூட்டல் குறி மாதிரி கோடு போட்டோம். சுவரிலிருந்து வரும் சிவப்பு லேசர் அந்த மூன்று கோட்டிலும் சரியாக விழுந்தால் ஆள் சரியாகப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். விழாவிட்டால் பொத்தானை அழுத்தக் கூடாது. பின்னால் மலக்குடல், முன்னால் சிறுநீர்ப்பை. நடுவில் விரல் நுழையும் இடத்தில்தான் எங்கள் குறி.

காலையில் ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறி, வடலூரில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் குடிகாட்டிலிருந்து வரும் சின்னம்மாள். அவருக்கும் இதே நோய், நாற்பத்தாறு வயது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இரண்டு பேரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்குப் போய்விட்டார்கள்.

இந்த ஊரில் எல்லோரும் கதிர்வீச்சைக் கரண்டு வைக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். கரண்டு என்றதும் பயந்து பாதியில் ஓடிப்போனவர்கள் எத்தனை பேர்! ஒரு நாள் காலையில் இயந்திரம் நின்றுவிட்டது. காந்தத்துக்குப் போகிற மின்சாரத்தில் கோளாறு. சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர் போனில் அதைச் செய், இதைச் செய் என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தால் கொளஞ்சியம்மாள் பிடித்துக்கொண்டார்.

“நர்சம்மா, கரண்டு எந்த வழியா வருது? ஒயரு ஒண்ணும் என் மேல படலியே?”

“கரண்டு இல்லம்மா அது! எத்தன தடவ சொல்றது?”

“அப்ப இன்னான்னு சொல்லேன். சும்மாதான ஒக்காந்துருக்கறோம்.”

எரிச்சலில்தான் ஆரம்பித்தேன். “உள்ள ஒரு கம்பி சூடாவும், குண்டு பல்பு மாதிரி. அதுலேர்ந்து எலக்ட்ரான் கெளம்பும். கண்ணுக்குத் தெரியாத தூசு. அதுக்கு மின்சுமை இருக்கு, அதனால மின்புலத்துல வுட்டா ஓடும். ஒரு செப்புக் குழாய்க்குள்ள வச்சி தள்ளு தள்ளுன்னு தள்ளிக்கிட்டே வருவோம். வெளிச்சம் போற வேகத்துக்குக் கிட்டக்க வந்துரும். ஆனா அது படுக்கை வசமா ஓடுது, நீங்க கீழ படுத்திருக்கீங்க. அதத் திருப்பணுமில்ல? அதுக்குத்தான் காந்தம். அதுதான் இன்னிக்கி மக்கர் பண்ணுது.”

“காந்தம் இழுத்துக்குமா?”

“இழுக்காது. முன்னாலயும் தள்ளாது, பின்னாலயும் இழுக்காது. ஓடுறத பக்கவாட்டுல திருப்பிவுடும், அவ்ளோதான். சும்மா நிக்கிற எலக்ட்ரான அது தொடக்கூடத் தொடாது. வேகம் ஜாஸ்தியா வர்றது பெரிய வட்டமாச் சுத்தும், கம்மியா வர்றது சின்ன வட்டமாச் சுத்தும். அதுக்குத் தகுந்தாப்புல அந்தக் காந்தத்தச் செஞ்சிருக்காங்க. முக்கா வட்டம் சுத்தி முடிக்கறப்ப எல்லாம் ஒரே புள்ளியில வந்து விழும்.”

கொளஞ்சியம்மாள் விரலால் பெஞ்சில் ஒரு வளைவு இழுத்துப் பார்த்தார். “அப்ப தள்ளுறவன் வேற, திருப்புறவன் வேற. எங்க மண்டியில கைவண்டி மாதிரி. பின்னால ஒருத்தன் முட்டித் தள்ளுவான், முன்னால ஒருத்தன் ஏர்க்காலப் புடிச்சி ஒடிப்பான். ஒடிக்கிறவன் தள்ள மாட்டான்.”

எங்கள் கல்லூரியில் இதை நடத்த ஒரு வாத்தியாருக்கு மூன்று வாரம் ஆனது. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. இவ்வளவு புத்தி இருக்கிற பொம்பிளை எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே!

அப்போது சின்னம்மாள் மெதுவாகக் கேட்டார். “அந்தப் புள்ளியில வுழுந்ததுக்கு அப்புறம்?”

“அங்க ஒரு உலோகத் தகடு இருக்கு. அதுல மோதுனதும் எக்ஸ்ரே கதிரு கெளம்பும். அந்தக் கதிருக்கு மின்சுமை கெடையாது. அதுக்கப்பறம் ஒலகத்துல இருக்கிற எந்தக் காந்தத்தக் கொண்டாந்து வச்சாலும் திரும்பாது. நேராத்தான் போவும். எந்த எடத்துல போய் வுழணும்னு சொல்றது ஒங்க வயித்துல நான் போட்டுவிட்ட கோடு மட்டுந்தான். அதுக்குத்தான் நாயாக் கத்துறேன், அழிச்சிராதீங்க, அழிச்சிராதீங்கன்னு!”

கத்தத்தான் செய்தேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கோட்டை அழித்துக்கொண்டு வருவார்கள். விசேஷம் என்று மஞ்சள் தேய்த்துக் குளித்தவர்கள், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போய்க் கடலில் முழுகியவர்கள், அழுக்கு என்று மருமகள் நாரைப் போட்டுத் தேய்த்துவிட்ட கிழவிகள். கோடு அழிந்தால் மறுபடி படமெடுக்க வேண்டும். படமெடுக்கிற அறைக்கு மூன்று துறைக்காரர்கள் போட்டி. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஊசி முனையில் மை தொட்டு ஒரு புள்ளி பச்சை குத்திவிட்டால் ஆயுசுக்கும் அழியாது. எத்தனையோ ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு அனுமதி கேட்டு இரண்டு வருடத்தில் மூன்று கடிதம் கொடுத்தேன். எந்த மேசையில் எந்த டீ டம்ளருக்கு அடியில் கிடக்கிறதோ! கோடு போடுகிற ஊதா மைகூட மூன்று வாரமாக வரவில்லை. கடையில் நானே வாங்கிய கறுப்பு மார்க்கரில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கோபத்தையெல்லாம் மேலே இருக்கிறவர்களிடம் காட்ட முடியுமா? கீழே படுத்திருப்பவர்களிடம் காட்டினேன்.

மே மாதக் கடைசியில், அக்னி வெயில் முடியும் சமயம், சின்னம்மாள் கோடே இல்லாமல் வந்தார். வேர்வை தாங்காமல் இரண்டு வேளை குளித்திருக்கிறார். அன்றைக்கு அது மூன்றாவது ஆள். பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, கதவருகே நிற்க வைத்துக் கத்தினேன். “கோடு இல்லாம இங்க வராதீங்க! ஒங்களுக்கே ஒங்க ஒடம்பு மேல அக்கறை இல்லன்னா, ஊட்டுலயே இருந்துக்கங்க!” சின்னம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். டாக்டர் அறை மாடியில். அங்கே போவார், டாக்டர் மறுபடி படமெடுக்க நாள் கொடுப்பார் என்று நினைத்தேன். போனாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு தடவை போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். நோட்டில் அவர் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று எழுதினேன். பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. அவர் மேலும் கோபம்தான் வந்தது.

கொளஞ்சியம்மாள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். ஆனால் இளைத்துக்கொண்டே போனார். பத்தொன்பதாவது நாள் ஒரு திங்கட்கிழமை. படுக்க வைத்தேன், லேசரைப் போட்டேன், கோடு கச்சிதமாகப் பொருந்தியது. சிகிச்சை கொடுத்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை வாராந்தரப் படம் எடுக்கிற நாள். படத்தைத் திரையில் பார்த்தேன். இடுப்பெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. இயந்திரம் தப்பா என்று சரிபார்த்தேன். இயந்திரம் மயிரிழைகூடத் தப்பவில்லை. எழுந்து உள்ளே ஓடி, குனிந்து அவர் வயிற்றைப் பார்த்தேன்.

அது என் கோடு இல்லை. என் கோடு அவசரத்தில் போட்டது, ஒரு முனை எப்போதும் இழுபடும். இது அளவுகோல் வைத்த மாதிரி இருந்தது.

“இத யாரு போட்டது?”

அவர் புடவையை இழுத்துக் கோட்டை மூடப் பார்த்தார்.

“ஒங்களத்தான் கேக்கறேன்! யாரு போட்டது?”

“நான்தான்.” கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மண்டிப் பேனா. தொப்புளுக்குக் கீழ நாலு விரக்கடைன்னு ஞாபகம் இருந்துச்சி. கண்ணாடிய வச்சிப் பாத்துப் போட்டேன். என் கோடு தப்பாதே நர்சம்மா.”

ஏசப்பா! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தேன். பலாப்பாலுக்கும் மழைக்கும் தாங்குகிற மை அது, அசையவில்லை. தேய்த்துக்கொண்டே கத்தினேன். நேற்று இந்தக் கோட்டை நம்பித்தான் பொத்தானை அழுத்தினேன் தெரியுமா? கட்டிக்குப் போக வேண்டியதில் ஒரு பகுதி நல்ல சதையில் விழுந்திருக்கிறது தெரியுமா? இது என்ன பலாப்பழமா? ஆறு மாசம் கழித்துக் கட்டி திரும்பி வந்தால் உங்கள் மகனுக்கு யார் பதில் சொல்வது? அழிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? நேற்று நானும் கவனிக்கவில்லை என்பது ஒருபக்கம் சுட்டுக்கொண்டே இருந்தது. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

கொளஞ்சியம்மாள் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். குரல் உயரவில்லை.

“ஞாயித்துக்கெழம குடிகாட்டுக்குப் போயிருந்தேன். சின்னம்மா செத்துப்போச்சி.”

நான் கையிலிருந்த பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சனிக்கெழம ராத்திரி ரத்தம் கொட்டு கொட்டுன்னு கொட்டியிருக்குது. கடலூருக்குத் தூக்கினு போற வழியிலயே முடிஞ்சிபோச்சாம். சாவுக்குப் போய் வந்தா தல முழுகாம ஊட்டுக்குள்ள வுடுவாங்களா? லோகநாயகி வாசல்லயே நிக்க வச்சி ஏழு கொடம் ஊத்துனா. கோடு அழியாம மேல ஒட்டியிருந்த டேப்பு எல்லாம் உரிஞ்சி வந்துருச்சி. கோடும் போச்சி.”

“அத வந்து எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “அவளுக்குக் கோடு அழிஞ்சிது, ஒங்கிட்டதான் வந்து நின்னா. கோடு இல்லாம வராதேன்னு சொன்ன. அவ வரல. நான் வரணுமில்ல? எனக்கு இன்னும் ஏழு நாளு பாக்கி இருந்துச்சி. அதான் நானே போட்டுக்கினு வந்தேன்.”

மாடிக்குத்தான் போவார் என்று நினைத்தேன் என்று சொல்ல வந்தேன். நிறுத்திக்கொண்டேன். நான் சொன்னது அந்தக் கதிர் மாதிரி நேராகப் போய்விட்டது. சின்னம்மாள் மாடிப்படிப் பக்கம் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்.

பிறகு டாக்டர் காயத்ரியிடம் கேட்டேன். சின்னம்மாளுக்குக் கட்டி ஏற்கெனவே ரத்தக்குழாயை ஒட்டிப் பரவியிருந்தது, ஒழுங்காக வந்திருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். மீதி இருந்த பதினாலு நாளும் அவரை வர விட்டிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். வராதே என்று சொன்னவள் நான்.

கொளஞ்சியம்மாளை அந்தச் செவ்வாய்க்கிழமையே மறுபடி படமெடுக்க வேண்டும். அந்த அறை வியாழக்கிழமைதான் காலி என்றார்கள். அவர் தன் முன்கையை என்னிடம் நீட்டினார். பச்சை குத்திய தேள் ஒன்று, மங்கி, ஆனால் முழுசாக இருந்தது.

“இது என் பதினேழு வயசுல குத்துனது. எத்தன சாவுக்கு முழுகியிருப்பேன், அழிஞ்சிதா பாரு. இத்த வுட்டுட்டுப் பேனாவுல கிறுக்கிக்கிட்டு எங்களப் போய்த் திட்டுறீங்களே!”

சுள்ளென்று வந்தது எனக்கு. அவர்மேல் இல்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் காயத்ரியின் அறையில் நாலு பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று கதவைத் திறந்தேன். மூன்று கடிதம் கொடுத்தேன், எங்கே என்று கேட்டேன். வயிற்றிலிருக்கும் மண்டிக் கோட்டைக் காட்டினேன். சின்னம்மாளின் பெயரைச் சொன்னேன், நான் அவரிடம் சொன்ன வார்த்தையையும் சொன்னேன், அந்த நாலு பேருக்கும் முன்னால். இன்றைக்குக் கையெழுத்து விழாவிட்டால் நாளையிலிருந்து நான் பொத்தானை அழுத்த மாட்டேன் என்றேன். பதினாலு வருடத்தில் என் கோபம் சரியான வாசலுக்குப் போனது அன்றைக்குத்தான். டாக்டர் எழுந்து நேராக மேலதிகாரி அறைக்குப் போனார். ஒன்றரை மணி நேரத்தில் அனுமதியும் வந்தது, படமெடுக்கும் அறையும் காலியானது. இரண்டு வருடம் ஆகாதது!

படமெடுத்து, மூன்று இடத்தில் கடுகு அளவுக்குப் புள்ளி குத்தினேன். கொளஞ்சியம்மாள் அசையவில்லை. தப்பிப்போன ஒரு நாளை டாக்டர் கணக்குப் பார்த்துக் கடைசியில் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார். கொளஞ்சியம்மாள் இருபத்தாறு நாளும் வந்து முடித்தார். அதற்குப் பிறகு கர்ப்பப்பைக்குள் குழாய் வைத்துக் கொடுக்கிற கதிர்வீச்சும் முடிந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருகிறார், இதுவரை கட்டி இல்லை. இந்த வருடப் பலா சீசனுக்கு மண்டிக்குப் போனார். என்னைப் பார்த்தால் “கோடு போட்டவ எப்டி இருக்கறா?” என்று யாரையோ விசாரிப்பது மாதிரி என்னையே கேட்பார். மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் இல்லை.

புள்ளி குத்திய அந்த மத்தியானம், அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவில் பாதியைச் சாப்பிட்டு, மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜனவரியிலிருந்து ‘வரவில்லை’ என்று என் கையெழுத்தில் இருந்த பெயர்கள், சின்னம்மாள் போக, பதினொன்று. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். சிலர் எடுக்கவில்லை. இரண்டு பேர் வேறு ஊரில் வைத்தியம் பார்க்கிறார்கள். ஒருவர் வீட்டில் அழுதார்கள், நான் போனை வைத்துவிட்டேன். கொளஞ்சியம்மாள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

ஒன்பதாவது பெயர், பெண்ணாடம் இருசம்மாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்றதும் குரல் ஒடுங்கிவிட்டது.

“கோடு அழிஞ்சிபோச்சி தாயி. அதான் வரல.”

“பரவால்லம்மா. இப்ப அழியாத மாதிரி புள்ளி வைக்கிறோம். நாளைக்கே வாங்க.”

அந்தப் பக்கம் கரும்பு லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. பிறகு ரகசியம் பேசுவது மாதிரி கேட்டார்.

“அங்க கத்துற நர்சம்மா ஒண்ணு இருக்குதே, அது இல்லாத நாளாப் பாத்துச் சொல்லேன். அன்னிக்கி வர்றேன்.”

கொளஞ்சியம்மாளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். டப்பாவை மூடப்போன கை நின்றது.

“நாளைக்கி வாங்கம்மா,” என்றேன். “நாளையிலேர்ந்து அது இங்க இல்ல.”